பாடத்தைக் கடைசியில் பாருங்கள்: சென்னையில் மறுபடி காலேஜ் போக நினைப்பவர்களுக்கு

“மறுபடி படிக்கணும், ஆனா என்ன படிக்கிறதுன்னு தெரியலை.” இருபத்தைந்து வயதிலும் இதைச் சொல்கிறார்கள், நாற்பத்தைந்திலும் சொல்கிறார்கள். இரண்டாம் வருடத்தில் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு டெலிவரி வேலைக்குப் போனவர், பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி இப்போது பிள்ளை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததால் பகலில் நாலைந்து மணி நேரம் கையில் இருப்பவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் வருடக்கணக்காக வேலை தெரிந்தும் டிகிரி இல்லை என்பதால் பதவி உயர்வு கிடைக்காதவர். இவர்களுக்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “உங்களுக்கு எது பிடிக்குமோ அதைப் படிங்க.” எது பிடிக்கும் என்று தெரிந்தால் அவர் ஏன் அடுத்தவரிடம் கேட்கப் போகிறார்?

நான் சொல்லும் வரிசை தலைகீழானது. பாடத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் உங்கள் சர்டிபிகேட் எந்தக் கதவைத் திறக்கும், அப்புறம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், அப்புறம் டிகிரியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள். இந்த மூன்றுக்கும் பதில் எழுதினாலே இருநூறு கோர்ஸ் இருந்த பட்டியல் எட்டோ பத்தோ ஆகிவிடும். அந்தச் சின்னப் பட்டியலை ஒரு பைசா கட்டணம் கட்டாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை: பீரோவைத் திறப்பது

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், பழைய காலேஜில் எழுதிய செமஸ்டர் மார்க் ஷீட்கள். இவ்வளவையும் ஒரு ஃபைலில் வையுங்கள். இதில் ஏதாவது இல்லையென்றால் பாடத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், முதலில் அதைத் தேடுங்கள். டூப்ளிகேட் வாங்க மாதங்கள் ஆகலாம், அட்மிஷன் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது. சமீப வருடங்களில் முடித்தவர்களின் மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் கிடைக்கும். பழைய ஆட்களுக்குப் படித்த பள்ளிதான் வழி, ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

நடுவில் காலேஜை விட்டவர்களுக்குப் பெரும்பாலும் டிசியில்தான் சிக்கல் வரும். பள்ளியில் கொடுத்த டிசி அந்த காலேஜில் இருக்கும், காலேஜ் டிசியை இவர் வாங்கியிருக்க மாட்டார். ஃபீஸ் பாக்கி இருக்கிறது, எப்படிப் போய் நிற்பது என்று கூச்சப்பட்டே வருடங்கள் ஓடியிருக்கும். போய் நில்லுங்கள். ஆபீஸில் இருப்பவருக்கு உங்கள் முகம்கூட ஞாபகம் இருக்காது. “சார், இந்த வருஷத்துல டிஸ்கன்டின்யூ பண்ணேன், டிசி வேணும், என்ன ஃபார்மாலிட்டி” என்று நேராகக் கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மாணவரிடம் தராமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சண்டை போட அல்ல, பயப்படாமல் பேசுவதற்காக இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரியர் வைத்திருப்பவர்கள் புதுசாக எதையும் தேடுவதற்கு முன்னால் பழைய பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை விசாரித்துவிட வேண்டும். பொதுவாகப் படிப்புக் காலத்துக்கு மேல் சில வருடங்கள் வரைதான் அரியர் எழுத விடுவார்கள். ஆனால் அது முடிந்தவர்களுக்கும் சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பது உண்டு. நாலு பேப்பர் எழுதினால் ஒரு டிகிரி கையில் வரும் என்றால், மூன்று வருடம் வேறொன்றைப் படிப்பதை விட அந்த நாலு பேப்பர்தான் புத்திசாலித்தனம். அந்தப் பாடம் பிடிக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். முடித்துவிட்டுப் பிடித்ததற்குப் போகலாம், முதுகலையில் துறை மாற வழி நிறைய இருக்கிறது.

பிளஸ் டூ முடிக்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்தாவதோடு நேரடியாக டிகிரி என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை முக்கியம். டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகளிலேயே இந்த வரிசையைக் குறிப்பிட்டிருப்பார்கள். வக்கீல் படிப்புக்கும் பார் கவுன்சில் இதே வரிசையைத்தான் கேட்கிறது. அதனால் முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் தேர்வுக்கு முன்பு விண்ணப்பத் தேதிகளை அறிவிக்கும், சேவை மையங்களில் பதிவு செய்யலாம். டிகிரி இன்னும் தள்ளிப்போகிறதே என்று தோன்றும். வரிசை மாறிய பட்டத்தை வைத்துக்கொண்டு நேர்காணல் வரை போய்த் திரும்புகிறவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

நேரமும் தூரமும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சென்னை கல்லூரிகளில் ஷிப்ட் ஒன், ஷிப்ட் டூ என்று இரண்டு உண்டு. ஷிப்ட் ஒன் காலையில் ஆரம்பித்து மதியம் முடியும், ஷிப்ட் டூ மதியம் ஆரம்பித்துச் சாயங்காலம் முடியும். பழைய காலத்து ஞாபகத்தில் ஷிப்ட் டூவை இன்றைக்கும் “ஈவினிங் காலேஜ்” என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்குப் போய்க்கொள்ளலாம் என்று எண்ணிவிடாதீர்கள், ஆறு மணிக்குப் பெரும்பாலான காலேஜில் கேட்டைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். அதிகாலை ஷிப்டிலோ இரவு ஷிப்டிலோ வேலை பார்ப்பவருக்குத்தான் இது ஒத்துவரும். அதற்கு மேல் அட்டென்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும் என்ற விதி இருக்கிறது.

கட்டணத்திலும் வித்தியாசம் உண்டு. அரசுக் கல்லூரியில் மிகக் குறைவு, அரசு உதவி பெறும் கல்லூரியின் எய்டட் பிரிவில் அதை விடக் கொஞ்சம் கூட, அதே கல்லூரியின் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் பல மடங்கு. ஒரே வளாகம், ஒரே கேன்டீன், டிகிரியில் அச்சாகும் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒன்று, ஆனால் ஃபீஸ் மட்டும் வேறு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்து டிக் பண்ணுங்கள்.

தூரத்தைக் கூகுள் மேப்பில் பார்க்காமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள், அதுவும் நீங்கள் போகவேண்டிய நேரத்தில். ஆவடியில் இருந்து சேப்பாக்கம் மாநிலக் கல்லூரிக்கு வருகிறவர் மூர் மார்க்கெட் வரை எலக்ட்ரிக் ட்ரெயின், இறங்கிப் பார்க் டவுனுக்கு நடை, அங்கிருந்து பறக்கும் ரயில் என்று வரவேண்டும். 1840இல் ஆரம்பித்த கல்லூரி, எதிரே மெரினா, எல்லாம் சரி, தினமும் இரண்டு பக்கமும் இந்தப் பயணம் மூன்று வருடத்துக்கு முடியுமா? வடசென்னைக்காரருக்கு வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரியும் வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியும் பக்கத்தில் இருக்கின்றன. தெற்கே இருப்பவருக்கு நந்தனம் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கு மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகள் 2021இல் இருந்து இலவசம் என்பதால் பஸ் ரூட் நேராக இருக்கும் காலேஜ் என்பது வீட்டுக் கணக்கில் பெரிய மிச்சம். பேருக்காகத் தூரத்து காலேஜில் சேர்ந்து முதல் வருடத்திலேயே நின்றுவிடுவதை விட, பக்கத்தில் இருப்பதை முடிப்பது மேல் என்பது என் கட்சி.

பகலில் போகவே முடியாது என்றால் தபால் வழிதான், பேச்சுவழக்கில் “கரஸ்”. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம், சைதாப்பேட்டையில் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்தியா முழுக்க நடக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ. இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். தமிழிலேயே படிக்க வேண்டுமா, தேர்வைத் தமிழில் எழுத வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இங்கிலீஷ் பயத்தினாலேயே படிப்பைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குத் தமிழ் மீடியம் இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

கரஸ் என்றால் சும்மா பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்ற நினைப்பையும் கழற்றி வையுங்கள். இக்னோ கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நாலு கிரெடிட் பேப்பர் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஒரு செமஸ்டரில் அப்படி ஐந்து பேப்பர் என்றால் 600 மணி நேரம், ஆறு மாதத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 23 மணி நேரம், அதாவது ஞாயிறு உட்பட தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல். உங்களால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் முடியும் என்றால் தப்பில்லை, வருடத்துக்கு ஐந்து பேப்பர் என்று திட்டம் போடுங்கள். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு உண்டு, மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை நீட்டலாம். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீத மதிப்பெண் இருப்பதால் அதைக் கடைசி நாளில் யாரையோ எழுத வைத்து அனுப்பாதீர்கள், உங்களுக்குப் பாடம் ஒத்துவருகிறதா என்று சொல்வதே அந்த அசைன்மென்ட்தான்.

இன்ஜினியரிங், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், ஆர்க்கிடெக்சர் போன்றவற்றைத் தொலைதூரத்தில் நடத்த அனுமதியே இல்லை. நேரம் இல்லாதவர்கள் பட்டியலில் இருந்து இவற்றை இப்போதே அடித்துவிடலாம்.

டிகிரி எதற்கு?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிக் குழப்பம் போய்விடும். பலருக்கு வேண்டியது ஏதோ ஒரு டிகிரி, அவ்வளவுதான். கம்பெனியில் பிரமோஷனுக்கு “எனி டிகிரி” கேட்கிறார்கள், வங்கித் தேர்வுக்கு எனி டிகிரி, டிஎன்பிஎஸ்சி குரூப் டூவில் பெரும்பாலான பதவிகளுக்கு எனி டிகிரி, மூன்று வருட எல்எல்பிக்கும் ஏதாவது ஒரு பட்டம். இந்த வகை ஆட்கள் எது பிடிக்கும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைக்க வேண்டியதே இல்லை. தேர்வில் தேறக்கூடிய, படித்தால் வேறொன்றுக்கும் உதவக்கூடிய பாடமாக எடுத்தால் போதும். குரூப் டூ எழுத நினைப்பவருக்கு வரலாறோ பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ இரட்டை லாபம், அந்தத் தேர்வின் பொது அறிவுப் பகுதியில் ஒரு பங்கு அதில் வந்துவிடும். குரூப் ஃபோர் மட்டும்தான் இலக்கு என்றால் அதற்குப் பத்தாவது தேர்ச்சியே போதும், மூன்று வருடத்தை அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது வகை, குறிப்பிட்ட வேலைக்குப் போக நினைப்பவர்கள். இவர்கள் பின்னால் இருந்து முன்னால் வரவேண்டும். டீச்சராக வேண்டும் என்கிறீர்கள், சரி. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் பணி தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்று குறிப்பிட்ட பாடங்களுக்குத்தான். பி.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு பி.எட். முடித்தாலும் அந்தப் பதவிக்கு இடமில்லை, எம்.ஏ. வரை போய் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியராகத்தான் முயல வேண்டும். சேருகிற அன்றைக்கு இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

கூடவே இன்னொன்று, ஈக்விவலன்ஸ். கோர்ஸ் பெயரில் புதுசாக நாலு வார்த்தை சேர்த்து கவர்ச்சியாக வைத்திருப்பார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது “இது பி.எஸ்சி. கணிதத்துக்குச் சமமா, பி.காமுக்குச் சமமா” என்ற கேள்வி வரும். சமம் என்றோ சமம் இல்லை என்றோ அரசாணை வரும், சமம் இல்லை என்று வந்த பட்டங்களும் இருக்கின்றன. அரசு வேலை மனதில் இருந்தால் பழைய, சாதாரணப் பெயர் கொண்ட மேஜரையே எடுங்கள். கவர்ச்சிப் பெயர் தனியார் வேலைக்குப் போகிறவர்களுக்கு.

மூன்றாவது வகை, நிஜமாகவே எதையாவது கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்கள். வேலை ஏற்கனவே இருக்கும், டிகிரியும் இருக்கலாம். இவர்களுக்கு அவசரமே இல்லை, அடுத்த பகுதியை நிதானமாகச் செய்யலாம். ஒரு தகவல்: 2022இல் இருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்பு படிக்க யுஜிசி அனுமதித்திருக்கிறது, ஒன்று நேரடியாக, இன்னொன்று தொலைதூரத்தில் என்று செய்யலாம்.

எந்த வகை என்று உங்களுக்கே பிடிபடவில்லையென்றால் கிண்டியில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், வழிகாட்டவும் ஆள் உண்டு என்பது தெரியாது. காசு கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு விரல் ரேகையைப் பார்த்து உங்களுக்கு ஏற்ற படிப்பைச் சொல்கிறேன் என்கிற ஆட்களிடம் போவதற்கு முன்னால் இங்கே போய்விட்டு வாருங்கள்.

சோதித்துப் பார்ப்பது

இப்போது கையில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். உதாரணத்துக்கு பி.காம்., பி.ஏ. பொருளாதாரம், பி.எஸ்சி. உளவியல், பிசிஏ, பி.ஏ. தமிழ் என்று வைத்துக்கொள்வோம். இதில் எது என்று கண்ணை மூடி யோசித்தால் விடை வராது, படித்துப் பார்த்தால்தான் வரும்.

முதலில் பிளஸ் ஒன் புத்தகம். தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் இங்கிலீஷிலும். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டிபிஐ என்று எல்லோரும் சொல்லும் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் விற்பனை கவுன்டர் இருக்கிறது. பொருளாதாரம், கணக்குப்பதிவியல், அரசியல் அறிவியல், கணினி அறிவியல் எல்லாம் இருக்கும். ஒரு பாடத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், முதல் மூன்று அத்தியாயம் படித்துப் பின்னால் இருக்கும் கணக்குகளையும் கேள்விகளையும் எழுதிப் பாருங்கள். வாசிப்பது மட்டும் போதாது, எழுத வேண்டும். கணக்குப்பதிவியலில் பற்று எது வரவு எது என்று பத்து பதிவு போடுவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது சிலபஸ். பல்கலைக்கழக இணையதளத்தில் இருந்து அந்தப் படிப்பின் மூன்று வருட சிலபஸையும் இறக்குங்கள். ப்ராஸ்பெக்டஸ் என்பது தி.நகர் கடையில் பொம்மைக்குக் கட்டிய புடவை, பிரித்துப் பார்த்தால்தான் நெசவு தெரியும். உளவியல் என்றால் மனசைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது என்று நினைத்து வருகிறவர்கள் மூளை நரம்பு பற்றிய பேப்பரையும் புள்ளியியலையும் பார்த்து ஆடிப்போகிறார்கள். பொருளாதாரத்திலும் புள்ளியியல் உண்டு. பிசிஏவில் கணக்கு துணைப்பாடமாக வந்து நிற்கும். பி.காமில் செமஸ்டருக்குச் செமஸ்டர் அக்கவுண்ட்ஸ், அப்புறம் காஸ்டிங், அப்புறம் வருமான வரி. கவிதை பிடிக்கும் என்று பி.ஏ. தமிழ் எடுப்பவருக்கு நன்னூலும் யாப்பருங்கலக்காரிகையும் காத்திருக்கும். ஆங்கில இலக்கியத்தில் ஒலியியல் இருக்கும்.

இதைப் பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை. எல்லாப் பாடத்திலும் சுவாரசியமான பகுதி எல்லோருக்கும் பிடிக்கும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. அந்தப் பாடத்தின் சலிப்பான பகுதி எது, அதை உங்களால் வேலை முடித்து வந்த அலுப்பில், பிள்ளைக்குச் சோறு ஊட்டிய பிறகு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க முடியுமா என்று பாருங்கள். எதன் சலிப்பு உங்களுக்குத் தாங்குகிறதோ அதுதான் உங்கள் பாடம். ஆர்வத்தை விட இது நம்பகமான அளவுகோல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2010இல் திறந்தது, ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு துறைக்கான புத்தகம், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் தனிப் பகுதி உண்டு. அங்கே ஒரு முழு நாள் எந்தத் திட்டமும் இல்லாமல் தளம் தளமாகச் சுற்றுங்கள். எந்த அலமாரிக்கு முன்னால் நேரம் போனது தெரியாமல் நின்றீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் கூட்டத்தைப் பார்த்து நாமும் அதையே படிக்கலாமோ என்று தோன்றும், அது அந்த இடத்தின் ராசி, கண்டுகொள்ளாதீர்கள். பழைய டிகிரிப் புத்தகங்கள் வாங்க சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டும் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையும் இருக்கின்றன, முதல் செமஸ்டர் புத்தகம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவிடலாம்.

வீடியோவில் படிக்கிறவர்களுக்கு ஸ்வயம், என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளங்கள் இருக்கின்றன. ஜனவரியிலும் ஜூலையிலும் புது வகுப்புகள் தொடங்கும், நாலு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று இருக்கும். சேர்ந்து படிக்கக் காசு இல்லை, சர்டிபிகேட்டுக்காகத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். நாலு வாரக் கோர்ஸ் ஒன்றை எடுத்து வாராவாரம் அசைன்மென்ட் அனுப்பிப் பாருங்கள். மூன்றாவது வாரமும் அனுப்புகிறீர்கள் என்றால் நல்ல அறிகுறி.

கணக்கு, கம்ப்யூட்டர் பக்கம் மனசு போகிறவர்களுக்கு சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ் இருக்கிறது. 2020இல் தொடங்கியது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், வயது வரம்பு இல்லை, பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருக்க வேண்டும். நாலு வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலேயே தகுதித் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். இந்த ஏற்பாடே குழப்பத்தில் இருப்பவருக்கு நல்ல சோதனை, ஏனென்றால் நாலு வாரத்தில் அவர்களுக்கும் தெரிந்துவிடும், உங்களுக்கும் தெரிந்துவிடும். நடுவில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் எளிது என்று நினைத்துப் போகாதீர்கள், வேலையோடு படிப்பவர்களுக்கு வார இறுதி என்று ஒன்று இருக்காது.

கடைசியாக, ஆளைப் பார்ப்பது. அட்மிஷன் கவுன்டரில் இருப்பவர் எல்லாக் கோர்ஸையும் நல்ல கோர்ஸ் என்றுதான் சொல்வார். அந்த காலேஜ் வாசல் டீக்கடையில் நின்று மூன்றாம் வருடப் பையனிடமோ பெண்ணிடமோ கேளுங்கள். “தம்பி, இந்த டிபார்ட்மென்ட்ல கிளாஸ் ஒழுங்கா நடக்குதா? எந்த பேப்பர்ல நிறைய பேர் அரியர்? போன வருஷம் முடிச்சவங்க என்ன பண்றாங்க?” இந்த மூன்று கேள்வி போதும். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால்

எலக்ட்ரிக் ட்ரெயினிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ஒரே வருடத்தில் டிகிரி, பரீட்சை எழுத வேண்டாம், பழைய வருடத் தேதி போட்டுத் தரப்படும். மூன்று வருடப் பட்டத்தை ஒரு வருடத்தில் தர யாருக்கும் அதிகாரம் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபின், சர்டிபிகேட் உண்மையானதா என்று பார்க்கும் ஜெனியூன்னஸ் சரிபார்ப்பு என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும், அங்கே பிடிபட்டால் வேலையும் போய் வழக்கும் வரும்.

தொலைதூரம், ஆன்லைன் எதுவானாலும் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு, டெப் என்பார்கள், அதன் இணையதளத்தில் நீங்கள் சேரும் வருடத்துக்கு, நீங்கள் சேரும் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பெரிய பெயர் உள்ள பல்கலைக்கழகங்களுக்கே சில வருடங்கள் சில படிப்புகளுக்கு அனுமதி இல்லாமல் போனது உண்டு. 2024இல் இருந்து இப்படிச் சேர்பவர்களுக்கு டெப் ஐடி கட்டாயம், அதை டிஜிலாக்கர் மூலம் எடுக்கும் ஏபிசி ஐடியை, அதாவது நீங்கள் படித்த கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்ணை வைத்து நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். இதை எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுக்கு வேலையே இல்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள், தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

ரெகுலராக அரசுக் கலைக் கல்லூரியில் சேர பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி, வழக்கமாக மே மாதத்தில், ஒரே இணைய விண்ணப்பம் திறக்கும். பதிவும் விண்ணப்பமும் சேர்த்து 50 ரூபாய்தான், எஸ்சி எஸ்டி பிரிவினருக்கு இன்னும் குறைவு. ரெகுலரில் வயது வரம்பு ஒரு விஷயம், பெண்களுக்கும் சில பிரிவினருக்கும் தளர்வு உண்டு, அந்த வருட வழிகாட்டுதலில் உங்கள் பிரிவுக்கு என்ன என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பி.காமுக்கு அடிதடி இருக்கும். வரலாறு, பொருளாதாரம், தமிழ் போன்றவற்றில் இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை, காலி இடங்களுக்குப் பின்னாலும் சேர்க்கை நடக்கும். உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பம். தொலைதூரத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை, ஜனவரி வாக்கிலும் ஜூலை வாக்கிலும் சேர்க்கை இருப்பதால், ஜூலையைத் தவறவிட்டால் ஒரு வருடம் போகாது.

இடைவெளி ஏன் என்று கேட்பார்கள். வேலை பார்த்தேன், வீட்டில் இருந்தேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். சில இடங்களில் அதையே நோட்டரி கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்வார்கள், அவ்வளவுதான். வீட்டில் “இந்த வயசுல எதுக்கு” என்று மாமியாரோ அப்பாவோ கேட்டால் வாதம் செய்ய வேண்டாம், எந்த நாள் எத்தனை மணிக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எதிர்ப்பு பெரும்பாலும் படிப்பின் மேல் இருக்காது, சாயங்காலம் யார் பிள்ளையைக் கூப்பிட்டு வருவது என்பதில்தான் இருக்கும். அதற்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

சேர்ந்த பிறகு

மூன்று வருட ஃபீஸை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள். செமஸ்டருக்கோ வருடத்துக்கோ மட்டும் கட்டுங்கள். முதல் மூன்று வாரம் எல்லா வகுப்புக்கும் போங்கள், அல்லது கரஸ் என்றால் வந்த புத்தகம் அத்தனையிலும் முதல் யூனிட்டைப் படியுங்கள், அதற்குள் ஒத்துவருமா என்று ஓரளவு தெரியும். அதே கல்லூரியில் வேறு மேஜரில் காலி இடம் இருந்தால் ஆரம்ப வாரங்களில் மாற்றித் தரச் சொல்லி முதல்வரிடம் மனு கொடுக்கலாம்.

விலகவே வேண்டும் என்றாலும் தேதி பார்த்து விலகுங்கள். யுஜிசியின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரவேண்டும், நிர்வாகச் செலவு என்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி முடிந்து 15 நாள் வரை 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50, அதையும் தாண்டினால் ஒன்றும் கிடையாது. அடுத்தடுத்த வருடங்களில் யுஜிசி தனியாக அறிவிப்பும் வெளியிடும், அந்த வருடத்துக்கு உரியதைத் தேடிப் பாருங்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல், விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு, டிசியையும் அன்றே கேட்டு விண்ணப்பித்துவிட்டு வாருங்கள்.